காரணம் எழுதிப் போட்ட ஒரு மதிப்பெண்

குமுதா ஒரு பக்கம்தான் கேட்டாள். எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் எழுதாமல் விட்டது இது.

நான் வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. முப்பது வயதில் நின்றுவிட்டவளை ஓய்வுபெற்றவள் என்று சொல்லலாமா, தெரியவில்லை. ஆனால் அலுவலகத்தில் எனக்கு நடத்தியது ஓய்வுபெறும் விழாதான். கேக் வெட்டினார்கள். எட்டு மாத வயிறு என்பதால் உட்கார வைத்தே சால்வை போட்டார்கள். ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதில் கம்பெனியின் பெயரும் சின்னமும் இருக்கின்றன. எந்தக் கம்பெனிக்காக வேலை பார்த்தோம் என்பதை வெளியில் சொல்ல மாட்டேன் என்று சேரும்போதே கையெழுத்துப் போட்டிருந்தேன். அதனால் கடிகாரத்தைக் கூடத்தில் மாட்டலாமா என்று பல நாள் யோசித்து, பீரோவின் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

குமுதா என்னோடு ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவள். சிங்கப்பெருமாள் கோயில்காரி. இப்போது டீம் லீடர். போன மாதம் போன் செய்தாள்.

“இன்னா அகிலா, கொய்ந்த இன்னா பண்ணுது?”

“தூங்குது.”

“அப்ப டைம் கீது. ஒரு பக்கம் எய்திக் குடு.”

விஷயம் இதுதான். பாஸ்வேர்டை மறந்துபோனவர்களிடம் இத்தனை நாள் ஒரு ரகசியக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா பிறந்த ஊர் எது, முதலில் படித்த பள்ளி எது என்பது போல. இனி அது கிடையாதாம். எல்லாரிடமும் கைப்பேசி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளப் போகிறார்களாம்.

“நம்பர் குடுத்தா பத்திரமா இருக்குமான்னு ஜனங்க கேக்குது. புதுசா வந்த பொண்ணுங்களுக்கு இன்னா பதில் சொல்றதுன்னு தெரில. உனுக்குத்தான் அந்தக் கேஸு அனுபவம் கீதே, அத வெச்சு எய்து.”

“எந்தக் கேஸு?”

“தெரியாத மாரி கேக்குது பாரு.”

அந்தக் கேஸை நான் எழுதவில்லை. பொதுவாக ஏழு விதிகள் எழுதி அனுப்பினேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னாள். அதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

கல்லூரி முடித்ததும் செங்கல்பட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் இரண்டு வருடம் இருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. வருகிறவர்களுக்கு மெயில் கணக்கு திறந்து கொடுப்பது என் வேலை. பிறந்த தேதி என்னவென்று கேட்டால், பாதிப் பேர் “எந்தத் தேதி?” என்று திருப்பிக் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் பலருக்கு இரண்டு தேதிகள் உண்டு. பெற்ற தேதி ஒன்று. பள்ளியில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று ஆசிரியர் போட்டுக்கொண்ட தேதி ஒன்று, பெரும்பாலும் ஜூனில் வரும். சர்டிபிகேட் தேதியைச் சொல்லுங்கள் என்பேன். இதை அங்கே கற்றுக்கொண்டேன். வேறு பெரிதாக எதுவும் கற்றுக்கொண்டதாக நினைவில்லை. பிறகு ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தேன். கல்யாணம் ஆனது. சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்து வளாகத்தில் வேலை கிடைத்தது.

உலகத்தில் எத்தனையோ கோடிப் பேர் கணக்கு வைத்திருக்கும் கம்பெனி. அதன் கணக்குகளைத் தொலைத்தவர்களில் ஒரு பகுதியினர் எங்கள் அலுவலகத் தளத்துக்கு வருவார்கள். வருவார்கள் என்றால் அவர்கள் அனுப்பும் படிவம் வரும். நாங்கள் நாற்பது பேர் உட்கார்ந்து, இவர் கணக்குக்குச் சொந்தக்காரர்தானா என்று மதிப்பெண் போடுவோம்.

பெயருக்கு ஒன்று. பிறந்த தேதிக்கு இரண்டு. அஞ்சல் குறியீட்டுக்கு ஒன்று. ரகசியக் கேள்விக்கு மூன்று. கடைசியாக யார் யாருக்கு மெயில் அனுப்பினீர்கள் என்பதற்கு மூன்று, ஒரு பெயருக்கு ஒன்று வீதம். ஏழு எடுத்தால் கணக்கைத் திறந்து கொடுக்கலாம். ஆறு எடுத்தால் கூடாது. அழுது எழுதுகிறவர்களும் உண்டு. அதற்கு மதிப்பெண் கிடையாது.

இது போக, எங்கள் கையில் ஒரு மதிப்பெண் இருந்தது. நாங்களாக யோசித்துப் போடலாம். ஆனால் காரணத்தை எழுத வேண்டும்.

மெயில்களுக்குள் என்ன இருக்கிறது என்று எங்களால் பார்க்க முடியாது. இதை வெளியில் யாரும் நம்புவதில்லை. என் நாத்தனார் இன்றுவரை நம்பவில்லை. கணக்கு திறந்தபோது கொடுத்த விவரம், உள்ளே எத்தனை மெயில் இருக்கிறது, யாருக்குப் போயிருக்கிறது, எப்போது திறந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள், இவ்வளவுதான் தெரியும். தளத்துக்குள் பேனா, காகிதம், கைப்பேசி எதுவும் கொண்டு போகக் கூடாது. போகும்போதும் வரும்போதும் காவலாளி டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்ப்பார். என்ன குழம்பு என்பது அவருக்குத் தெரியாமல் யாரும் சாப்பிட்டதில்லை.

எங்கள் டீம் லீடர் தேவராஜன் சார். ரயில் தபால் பிரிவில் இருபது வருடம் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துவிட்டு, அதிலிருந்து தானாக விலகி வந்தவர். ஒரே ஒரு நாளைத் தவிர, கம்ப்யூட்டரை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் நடப்பார். படிவத்தைக் கடுதாசி என்பார். சம்மதம் என்றாலும் “ம்” என்பார், இல்லை என்றாலும் “ம்” என்பார். வித்தியாசம் புரிய எனக்கு ஆறு மாதம் ஆனது. சந்தேகம் என்று கூப்பிட்டால் வந்து நின்று ஒன்று மட்டும் கேட்பார்.

“யாரு கேக்கறது?”

“பேரு போட்டிருக்கு சார்.”

“பேரு தெரியுது. யாரு கேக்கறது?”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. குமுதா அவர் போன பிறகு அதே குரலில் “யாரு கேக்கறது?” என்று சொல்லி, “டீ கேக்கறேன் நைனா” என்று அவளே பதிலும் சொல்லிக்கொள்வாள்.

அந்தப் படிவம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. எனக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

கணக்குக்குச் சொந்தக்காரர் ஒரு பெண். செல்வி என்று வைத்துக்கொள்கிறேன். உண்மையான பெயர் அது இல்லை. ஊரையும் மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். மாற்றினால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது புரியாது. அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே ஒரு கிராமம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பெயர் சரி. அஞ்சல் குறியீடு சரி. அம்மா பிறந்த ஊர் சரி. கடைசியாக மெயில் அனுப்பியது தம்பிக்கு என்று எழுதியிருந்தது. சரி. மற்ற இரண்டு பெயரும் தப்பு. பிறந்த தேதி தப்பு. கணக்கில் ஜூன் மாதத்தில் ஒரு நாள் இருந்தது. படிவத்தில் வேறு மாதம், வேறு நாள்.

ஆறு மதிப்பெண்.

குறிப்பு என்ற இடத்தில், ‘மதுராந்தகம் பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்புகிறேன், கடை மூடுவதற்குள் பதில் வேண்டும்’ என்று ஆங்கில எழுத்தில் தமிழ் இருந்தது. அதற்குக் கீழே நட்சத்திரம். ரோகிணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த நேரம், நிமிடத்தோடு.

யாரும் கேட்கவில்லை. நாங்கள் கேட்ட ஐந்து கேள்விகளில் நட்சத்திரம் இல்லை.

குமுதாவைத் தட்டிக் காட்டினேன்.

“அடப்பாவமே. நச்சத்திரத்துக்கு எத்தினி மார்க்கு?”

“சிரிக்காத. இது பெத்த தேதி. கணக்குல இருக்கறது சர்டிபிகேட் தேதி. ஜூன் போட்டிருக்கு பாரு.”

“அதுக்கு?”

“வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு இது தப்பு. நமக்குத் தெரியும் இல்ல, தப்பு இல்லன்னு. நிஜமான தேதி, நேரத்தோட எழுதியிருக்கு. கணக்குக்குச் சொந்தக்காரங்களத் தவிர யாருக்குத் தெரியும்?”

“போட்டுக்குடு. பாவம், கடைய மூடிடப் போறான்.”

என் கையில் இருந்த ஒரு மதிப்பெண்ணைப் போட்டேன். காரணத்தை நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். இந்தப் பகுதியில் பள்ளித் தேதியும் பிறந்த தேதியும் வேறு வேறாக இருப்பது வழக்கம், விண்ணப்பதாரர் கொடுத்திருப்பது உண்மையான தேதி, அது உரிமையாளருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடியது. மூன்று முறை திருத்தினேன். எப்போதுமே அனுப்பிய பிறகு ஒரு தடவை படித்துப் பார்த்து வருத்தப்படுவேன். அன்று வருத்தமாக இல்லை.

படிவத்தில் கொடுத்திருந்த வேறொரு மெயிலுக்குப் புது பாஸ்வேர்டு போனது. அது அன்றுதான் திறக்கப்பட்ட கணக்கு. அதற்கு மதிப்பெண் குறைக்கச் சொல்லி விதி எதுவும் இல்லை.

மறுநாள் தேவராஜன் சார் என் காரணத்தை அச்செடுக்கச் சொல்லி வாங்கி, அறிவிப்புப் பலகையில் குத்தினார். வாரத்தின் சிறந்த குறிப்பு. “உள்ளூர் அறிவுன்னா இதான்” என்றார். அவர் என்னிடம் சொன்ன மிக நீளமான பாராட்டு அது. வீட்டுக்குப் போய் என் கணவரிடம் சொன்னேன். எந்தக் கணக்கு என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை எனக்குக் காலை ஷிஃப்ட். ஆறிலிருந்து இரண்டு. பதினோரு மணிக்கு அதே கணக்குக்கு இன்னொரு படிவம் வந்தது. ஒரே கணக்கு திரும்ப வந்தால் முன்பு பார்த்தவரிடமே வரும்.

பெயர் சரி. ஜூன் தேதி சரி. அஞ்சல் குறியீடு தப்பு, மாமல்லபுரத்துக் குறியீடு போட்டிருந்தது. அம்மா பிறந்த ஊர் தப்பு, கிராமத்தின் பெயருக்குப் பதிலாக மதுராந்தகம் என்று இருந்தது. கடைசியாக மெயில் அனுப்பிய மூன்று பேரும் சரி.

இதற்கும் ஆறு.

குறிப்பில் எழுதியிருந்தது இது: ‘ஐயா, என் பாஸ்வேர்டு திடீரென்று வேலை செய்யவில்லை. நான் மாற்றவில்லை. தயவுசெய்து கணக்கில் உள்ள பழைய போன் நம்பருக்குத் தகவல் சொல்ல வேண்டாம். அந்த போன் என் கணவர் வீட்டில் இருக்கிறது. நான் அங்கே இல்லை. நான் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரியாது. மூன்று பேருக்குத்தான் தெரியும்.’

பதில் அனுப்ப ஒரு மெயில் முகவரி கொடுத்திருந்தார். கடற்கரையில் உள்ள ஒரு ஓட்டலின் பெயர் அதில் இருந்தது.

நான் செவ்வாய்க்கிழமைப் படிவத்தைத் திறந்தேன். நட்சத்திரத்தைப் பார்த்தேன். பிறந்த தேதியும் நேரமும் நட்சத்திரமும் எதில் சேர்ந்து இருக்கும் என்பதை அப்போதுதான் யோசித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் என் ஜாதகம் பதினான்கு வீடுகளுக்குப் போனது. அதில் பன்னிரண்டு வீட்டிலிருந்து திரும்பி வரவில்லை. ஒரு வீட்டில் இருக்கிறேன்.

கணக்கைத் தானே திறந்தவள் தான் கொடுத்த சர்டிபிகேட் தேதியைத்தான் எழுதுவாள். ஜாதகத்தைப் பார்த்து எழுதுகிறவன்தான் ஜாதகத் தேதியை எழுதுவான்.

தேவராஜன் சாரைக் கூப்பிட்டேன். கைகளைப் பின்னால் கட்டியபடி நின்று இரண்டு படிவங்களையும் படித்தார். “யாரு கேக்கறது?” என்று அவர் கேட்கவில்லை.

“எவ்ளோ நேரம் உள்ள இருந்திருக்கான்?”

“பதினாறு நிமிஷம் சார். செவ்வாய் சாயந்தரம். நேத்து ஒரு தடவை, நாலு நிமிஷம்.”

“உள்ள எத்தனை கடுதாசி?”

“இருபத்திரெண்டு.”

“படிச்சிருப்பான்.”

விதி என்ன என்பது இருவருக்கும் தெரியும். ஒரு கணக்குக்கு இரண்டாவது ஆள் உரிமை கேட்டால் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். ஏழு வேலை நாள். அதுவரை கணக்கு முதலில் வாங்கியவரிடம் இருக்கும். முதலில் கேட்டவரைப் பற்றி இரண்டாவது ஆளிடம் எதுவும் சொல்லக் கூடாது. அது முதல் ஆளின் அந்தரங்கம்.

“முடக்கி வெக்கலாமா சார்?”

“காரணம் வேணும்.”

உடனடியாக முடக்குவதற்கு ஒன்பது காரணங்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருந்தது. அதில் ஆபத்து என்று எதுவும் இல்லை. மதிப்பெண் போட்டவர் தப்பு செய்துவிட்டார் என்பதும் இல்லை. எல்லாம் விளம்பரம் அனுப்புகிறவர்களையும் வைரஸையும் பற்றியவை. அவற்றுக்கு இயந்திரமே சாட்சி கேட்கும். ஒன்பதாவது காரணத்துக்கு மட்டும் சாட்சியைப் பிறகு கொடுக்கலாம்.

‘உரிமையாளர் இறந்துவிட்டார்.’

தேவராஜன் சார் என்னை எழுந்திருக்கச் சொன்னார். என் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு விரலால் சுட்டியைத் தொட்டு, பிறகு பிடித்து, ஒன்பதாவது வரியில் அழுத்தினார். கணக்கு முடங்கியது.

“சார், அவங்க உயிரோட இருக்காங்களே. இப்பதான் படிவம் வந்துது.”

“அதனாலதாம்மா” என்றார்.

எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

குமுதா திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இனிமே அவன் தொறக்க முடியாது. சரி. படிச்சத இன்னா பண்ணுவ?”

“தெரியல.”

“அந்தப் பொண்ணுக்குச் சொல்லணும்.”

“சொல்லக் கூடாது.”

“கூடாதுன்றது எனுக்கும் தெரியும். நீ பேஜாராயிக்கினு கீறியே, அதுக்குச் சொன்னேன்.”

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிந்தது. காவலாளி என் பையையும் டிபன் பாக்ஸையும் திறந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. ஓட்டலின் பெயர் என் மனதில் இருந்தது. அலுவலக வேன் செங்கல்பட்டில் இறக்கிவிட்டது. வீட்டுக்குப் போன் செய்து, டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாமியாரிடம் சொன்னேன். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் ஏறினேன். வழியெல்லாம் இறங்கிவிடலாமா என்று யோசித்தேன். வாடிக்கையாளரின் விவரத்தைத் தளத்துக்கு வெளியே பயன்படுத்தினால் வேலை போகும், வழக்கும் வரலாம். குழந்தை உள்ளே உதைத்தது. அதை நான் எந்தப் பக்கத்துக்குச் சாதகமாகவும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு மணி. ரிசப்ஷனில் ஒரு பெண் இருந்தாள். செல்வியைப் பார்க்க வேண்டும் என்றேன்.

“யார் வந்திருக்காங்கன்னு சொல்லட்டும் மேடம்?”

தேவராஜன் சார் அங்கே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “அகிலா, செங்கல்பட்டு” என்றேன். வயிற்றைப் பார்த்துவிட்டு அவள் ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொடுத்தாள்.

செல்வி புக்கிங் பிரிவில் மெயில்களுக்குப் பதில் எழுதும் வேலையில் இருந்தார். ஓட்டல் கொடுத்த நீலப் புடவை, மார்பில் பெயர்ப் பட்டை. இருபத்தைந்து வயது இருக்கும். என்னிடமிருந்து நாலடி தள்ளி நின்றுகொண்டார்.

“யாருங்க நீங்க?”

“உங்க மெயில் கம்பெனில வேலை பாக்கறேன். காலைல ஒரு படிவம் அனுப்பினீங்க இல்லையா?”

எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். நான் தனியாகத்தான் வந்திருக்கிறேனா என்று பார்த்தார்.

“அது அமெரிக்கா கம்பெனிங்க.”

“ஆமாங்க. நான் சிங்கப்பெருமாள் கோயில்ல இருக்கேன்.”

“பாஸ்வேர்டு குடுக்க நேர்ல வருவாங்களா?”

“வர மாட்டாங்க.”

பிறகு சொன்னேன். வேனிலும் பஸ்ஸிலும் வரிசைப்படுத்தி வைத்திருந்தது எதுவும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை ஒருவர் கேட்டார், கணக்கைக் கொடுத்துவிட்டோம், அதில் நட்சத்திரம் எழுதியிருந்தது என்று பின்பக்கமாகத்தான் சொன்னேன். நட்சத்திரம் என்றதும் அவர் உட்கார்ந்தார்.

“யாரு எடுத்துக் குடுத்தது?”

“நான்தான். ஒரு மார்க் கொறஞ்சுது. நான் போட்டேன்.”

“எதுக்கு?”

“பொறந்த நேரம் வரைக்கும் எழுதியிருந்துது. சொந்தக்காரங்களுக்குத்தான் தெரியும்னு நெனச்சேன்.”

“அந்த ஜாதகத்த எங்க மாமியார் லேமினேட் பண்ணி வெச்சிருக்காங்க” என்றார்.

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத ஒரு விவரத்தைத் தெரியப்படுத்துவது போலச் சொன்னார். கையிலிருந்த தண்ணீரைக் கீழே வைத்தேன்.

“கணக்க இப்ப முடக்கியாச்சுங்க. ஆனா படிச்சிருக்கலாம். இந்த வேலைக்கான லெட்டர் உள்ள இருந்துதா?”

தலையாட்டினார். எழுந்து ரிசப்ஷன் பெண்ணிடம் போனார். “ஏம்மா, நேத்து யாரோ என்னக் கேட்டுப் போன் பண்ணாங்கன்னியே, இன்னா கேட்டாங்க?”

“ஒண்ணும் இல்லக்கா. நீங்க இங்கதானா, எத்தினி மணிக்கு வேலை முடியும்னு. கெஸ்ட்டாக்கும்னு ஆறு மணின்னேன். ஏன்க்கா?”

சுவரில் மணி நாலே கால்.

செல்வி உள்ளே போனார். நான் உட்கார்ந்தே இருந்தேன். கால் மணி நேரம் கழித்து, புடவையை மாற்றிக்கொண்டு ஒரு பையோடு வந்தார். மேனேஜரும் கூட வந்தார். வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஓட்டலின் வேன் சென்னைக்குப் புறப்பட இருந்தது. டிரைவரிடம் மேனேஜர் ஏதோ சொன்னார். நான் எழுந்து நின்றேன். நின்றிருக்க வேண்டுமா, உட்கார்ந்தே இருந்திருக்க வேண்டுமா என்று இப்போதும் யோசிக்கிறேன்.

ஏறுவதற்கு முன்னால் என்னிடம் வந்தார்.

“நீங்க இந்த எடத்த எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“பதில் அனுப்பச் சொல்லி ஒரு மெயில் குடுத்திருந்தீங்களே, அதுல ஓட்டல் பேரு இருந்துது.”

“பதில் அனுப்பறதுக்குத்தான் குடுத்தேன்.”

“ஆமாங்க.”

“அவரும் அப்படித்தான் கண்டுபிடிச்சார். நீங்களும் அப்படித்தான்.”

சொல்வதற்கு இருந்தது ஒரே ஒரு வித்தியாசம்தான். அதை அவர் பார்வையிலிருந்து யோசித்தபோது அது பெரிதாகத் தெரியவில்லை.

“என் பொறந்த தேதி உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

“இருக்குங்க. ரெண்டும்.”

“மறந்துடுங்க” என்றார். வேனில் ஏறிக்கொண்டார்.

ஆறு மணிக்கு யாராவது வந்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஐந்து மணிக்கே பஸ் ஏறிவிட்டேன். இருந்திருக்க வேண்டுமோ என்று திருக்கழுக்குன்றம் வரை நினைத்தேன், இருந்து என்ன செய்திருப்பேன் என்று செங்கல்பட்டு வரை நினைத்தேன். மறுநாள் ஒரு பூத்திலிருந்து ஓட்டலுக்குப் போன் செய்து, செல்வி போய்ச் சேர்ந்தாரா என்று கேட்டேன். அதே ரிசப்ஷன் பெண்தான்.

“வேலை பாக்கறவங்களப் பத்தி நாங்க யாருக்கும் சொல்றதில்லைங்க” என்று வைத்துவிட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. அந்த வாரத்தில் யாரோ ஒருத்தியாவது எதையோ கற்றுக்கொண்டிருந்தாள்.

தேவராஜன் சாரிடம் இறப்புச் சான்றிதழ் கேட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இன்னும் கிடைக்கவில்லை என்று பதில் எழுதினார். மறுபடி கேட்டார்கள். இன்னும் கிடைக்கவில்லை என்று மறுபடி எழுதினார். அது பொய்யும் இல்லை. பிறகு அவரைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். என்ன செய்வது என்று தெரியாதவர்களை அங்கேதான் மாற்றுவார்கள். நான் மாமல்லபுரம் போனது குமுதாவுக்கு மட்டும் தெரியும். ‘தெரியும்’ என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நாஸ்தா துன்னியா?” என்று மட்டும் கேட்டாள்.

வாரத்தின் சிறந்த குறிப்பு நான் வேலையை விடும் நாள்வரை பலகையில் இருந்தது. எடுங்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஏன் என்று கேட்பார்கள். சால்வை போட்டபோது எடுத்த போட்டோவில் எனக்குப் பின்னால் அது இருக்கிறது.

குமுதாவின் பெண்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அந்தக் கம்பெனியை நம்பலாமா என்றால், கம்பெனி சொன்னதைச் செய்தது. மெயில்களை யாரும் படிக்கவில்லை, விவரங்களை யாருக்கும் விற்கவில்லை, செல்வி கொடுத்ததெல்லாம் பூட்டி பத்திரமாகத்தான் இருந்தது. நான் நல்ல எண்ணத்தோடு திறந்து கொடுத்தேன். உலகம் முழுக்கப் பரவிய கம்பெனி என்று நினைத்துத்தான் ஜனங்கள் கொடுக்கிறார்கள். கடைசியில் அது வேனில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்த ஒருத்தியின் கையில் ஒரு மதிப்பெண்ணாக நிற்கிறது. இனி ரகசியக் கேள்விக்குப் பதிலாகக் கைப்பேசி எண் என்கிறார்கள். செல்வியின் பழைய போன் யார் வீட்டில் இருந்தது என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏழு விதிகளில் இதை எழுதியிருக்கலாம். எழுதினால் எந்தக் கேஸ் என்று கேட்பார்கள் என்று விட்டுவிட்டேன். இப்போது எழுதிவிட்டேன்.

என் மகளுக்கு முதல் வயது முடிந்ததும் மாமியார் ஜாதகம் எழுதச் செங்கல்பட்டில் கம்ப்யூட்டர் ஜோசியரிடம் அழைத்துப் போனார். தேதி, நேரம், ஊர், அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாவற்றையும் அவர் தட்டினார். அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, “மெயில்லயும் போட்டுடவாம்மா? எப்ப வேணா எடுத்துக்கலாம்” என்றார். வேண்டாம், கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுங்கள் என்றேன். மாமியார் என்னைப் பார்த்தார். ஜோசியர் என் எதிரிலேயே அழித்தார். வாசல்வரை வந்து, “பயப்படாதீங்க, தொலைஞ்சாலும் பேக்கப் கீது” என்றார்.

செல்வி எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இப்போது ஒருவரின் பெயரைத் தட்டினால் முகத்தோடு காட்டுகிற தளங்கள் வந்துவிட்டன. என் நாத்தனார் அதில்தான் பொழுதெல்லாம் இருக்கிறாள். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது. நான் இதுவரை அந்தப் பெயரைத் தட்டவில்லை. நன்றாக இருக்கிறாரா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று சில நாள் தோன்றும். யார் கேட்பது என்று நினைத்து எழுந்து வேறு வேலை பார்ப்பேன்.

மறந்துவிடச் சொன்னார், அது ஒன்றைத்தான் என்னால் முழுதாகச் செய்ய முடியவில்லை. ஜூன் தேதி மறந்துவிட்டது. ஜூனில் முதல் வாரமா கடைசி வாரமா என்றுகூட இப்போது சொல்ல முடியாது. இன்னொரு தேதி போன வாரம் வந்தது. காலையில் எழுந்ததும் தெரிந்துவிட்டது. நாள் முழுவதும் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன்.